கொல்லைக் கதவுக்கு வேலையில்லை

பத்மா உயிரோடு இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அவளைக் கொன்றேன். கொன்ற பழியை, எனக்கு ஒரு தீங்கும் செய்யாத ஒரு மனிதரின் தலையில் தூக்கி வைத்தேன்.

பதறாதீர்கள். கத்தி இல்லை, இரத்தம் இல்லை. நான் அவளைக் கொன்றது ஒரு வீடியோ கேமில். சட்டம் என்னை ஒன்றும் செய்யாது... அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். நீங்கள் முழுவதும் கேட்டால் சிரிக்கமாட்டீர்கள்.

என் பெயர் கண்ணன். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவன். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் திருச்சியில் ஒரு சின்ன அலுவலகம். அங்கே நானும் இரண்டு நண்பர்களும் கேம் செய்கிறோம். துப்பாக்கிச் சண்டை கேம் அல்ல, பழைய பாணி அட்வென்ச்சர் கேம். திரையில் ஒரு தெரு இருக்கும், வீடுகள் இருக்கும். கீழே நான்கு சொற்கள்: பார், எடு, திற, பேசு. ஒரு சொல்லைத் தொட்டுவிட்டு ஒரு பொருளைத் தொட்டால் கதை நகரும். எண்பதுகளின் கம்ப்யூட்டரில் தெரிந்ததைப்போலப் படம் வேண்டுமென்றே பெரிய பெரிய புள்ளிகளாக இருக்கும். இசையும் அந்தக் காலத்துக் கீபோர்டு இசைதான்.

எண்பதுகள்! அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும். இத்தனைக்கும் நான் பிறந்தபோது அந்தப் பத்தாண்டு முடிந்துகொண்டிருந்தது. அம்மாவின் கல்யாண ஆல்பத்தில் ஸ்டெப் கட்டிங்கோடு நிற்கும் இளைஞர்கள், மொட்டை மாடிகளில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்த கதைகள், ஒரு கலர் டிவிக்கு முன்னால் தெருவே உட்கார்ந்திருந்ததாக எல்லோரும் சொல்லும் ஞாயிற்றுக்கிழமைகள்... நான் வாழாத காலத்துக்காக நான் ஏன் அப்படி ஏங்கினேன்? இப்போதும் எனக்குப் புரியவில்லை. அந்த ஏக்கம் பொய் இல்லை என்பது மட்டும் தெரியும். பொய்யாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் காலத்தைக் கேமில் கொண்டுவர எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. எங்கள் வடக்குச் சித்திரை வீதியில் சேஷாத்ரி மாமா அப்போது ஒரு வீடியோ கடை வைத்திருந்தார். கோயில் கைங்கரியம் செய்துவந்த குடும்பத்தில் பிறந்தவர், வீட்டு முன்னறையில் சினிமா கேசட்டை வாடகைக்கு விட்டார்! தெரு முகம் சுளித்தது. சுளித்த முகங்களே பொழுது சாய்ந்ததும் கேசட் வாங்க வந்தன. வீடியோ பிளேயரை அப்போது டெக் என்பார்கள். கல்யாணம், திருவிழா என்றால் டெக்கையும் டிவியையும் அவரிடம்தான் வாடகைக்கு எடுப்பார்கள். பச்சைமலை அடிவாரத்து ஊர்களிலிருந்துகூட பஸ்ஸில் வந்து தூக்கிக்கொண்டு போவார்களாம்.

நான் போய் நின்றபோது மாமாவுக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. மாமி காலமாகிவிட்டாள். மகள் ரமா அக்காவோடும் பேத்தியோடும் இருந்தார். 'உங்க கடைய வச்சு ஒரு கேம் பண்றேன் மாமா' என்றதும் அந்த முகத்தில் வந்த வெளிச்சம்... அதை நான் மறந்துவிட்டால் போதும், பாதிச் சுமை இறங்கிவிடும். மறக்க முடியவில்லை.

பூட்டிக் கிடந்த பின்னறையைத் திறந்து காட்டினார். அலமாரிகள் அப்படியே இருந்தன. மழைக்காலத்தில் காவிரிக்காற்றின் ஈரம் பட்டு கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்காமலிருக்க, அலமாரிக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பை எரியவிட்டே வைத்திருப்பாராம். டெக்கின் ஹெட்டை எப்படித் துடைப்பது, சிக்கிய டேப்பைப் பென்சிலால் எப்படி மீட்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தார். நீல ரெக்சின் சோபா, முன்கதவின் பச்சை வண்ணம், கொல்லைக் கதவின் இரும்புத் தாழ்ப்பாள்... நான் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தேன். ஹீரோ யார் என்று கேட்டார். உங்க கடைதான் மாமா ஹீரோ என்று சொன்னேன்.

ஹீரோ!

சரி, பத்மாவுக்கு வருகிறேன். எங்கள் தெருப் பெண். சித்திரைத் தேர் அன்று, கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மாமாவின் கடைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. நான் பிறப்பதற்கு முன் நடந்தது. அவள் கடைக்குள் நுழைந்ததைப் பார்த்தவர்கள் உண்டு, வெளியே வந்ததைப் பார்த்தவர் இல்லை. மாமாவோ, அவள் இங்கே வரவே இல்லை என்று சாதித்தார். ஆனால் அவள் கொண்டுபோன கேசட் அவருடைய அலமாரியில் இருந்தது. தெரு கொஞ்ச நாள் முணுமுணுத்தது. நிரூபிக்க ஒன்றும் கிடைக்காமல் பிறகு ஓய்ந்தது. சிறுவயதில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியதிலிருந்து நான் பொறுக்கிச் சேர்த்தது இவ்வளவுதான்.

ஒரு கேமுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆட்டக்காரர் தேர் அன்று காணாமல் போன பெண்ணைத் தேடுகிறார். அலமாரியில் அந்தக் கேசட்டைக் கண்டுபிடிக்கிறார். கடைக்காரர் முன்னால் வைக்கிறார். கடைக்காரர் உடைந்துபோய், "படம் முடியட்டும், போகலாம் என்றேன்... கதவைச் சாத்தினேன்" என்கிறார். அத்தோடு திரை இருளும். எழுதி முடித்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பெயர்களை மாற்றினேன். மற்றதையெல்லாம் அப்படியே வைத்தேன், அந்தப் பச்சைக் கதவு உட்பட.

வெளியிடுவதற்குச் சில வாரங்கள் முன்பு அம்மாவிடம் காட்டினேன். அம்மா கடைசிக் காட்சி வரை கண் எடுக்காமல் பார்த்தாள். முடிந்ததும் எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தாள்.

"பத்மாவுக்கு ஒண்ணும் ஆகலடா. உப்பிலியபுரத்துல நன்னா இருக்கா. பேரன் பேத்தி எடுத்தாச்சு. எனக்கு இன்னிக்கும் போன் பண்றா."

அம்மாவும் பத்மாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். டெக் வாடகைக்கு எடுக்க வந்த ஒரு விவசாயக் குடும்பத்துப் பையனோடு பத்மா போய்விட்டாள். அது அவள் வீட்டுக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. ஆனால் அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். ஓடிப்போனவளின் தங்கைகளை யார் கட்டுவார்கள்? காணாமல் போனவளின் தங்கைகள் என்றால் இரக்கப்பட்டாவது நாலு பேர் வருவார்கள். அதனால் 'காணோம்' என்றே சொல்லிவிட்டார்கள். உண்மை தெரிந்த ஒரே வெளியாளான அம்மாவிடம் பெருமாள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பொய் யார் வீட்டு வாசலில் போய் விழும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

"சேஷாத்ரி மாமா பாவம். முடிவை மாத்திடு," என்றாள் அம்மா. மாற்றிவிடுகிறேன் என்றேன்.

மாற்றவில்லை.

ஏன்? நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பெயர்தான் வேறாயிற்றே, யாருக்குத் தெரியப்போகிறது என்றும் சொல்லிக்கொண்டேன். எல்லாம் சாக்கு! அந்த முடிவு நன்றாக இருந்தது, அதுதான் காரணம். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே சிறந்த காட்சி அது. உண்மையில் அவள் பஸ் ஏறிப் போய்ப் பிள்ளை பெற்றுக்கொண்டு சுகமாக இருக்கிறாள் என்றால் என் கேமை யார் ஆடுவார்கள்? ஒரு மனிதரின் பெயரையும் ஒரு நல்ல காட்சியையும் தராசில் வைத்தேன். எந்தப் பக்கம் தாழ்ந்தது என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கேம் பிழைத்துக்கொண்டது. எண்பதுகளை அப்படியே கண்முன் நிறுத்திவிட்டான் என்று பாராட்டினார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள், அந்த ஜீரோ வாட் பல்பைப் பார்த்ததும் அழுகை வந்ததாக எழுதினார்கள். இவ்வளவு நுணுக்கமாகச் செய்தவன் கதையை மட்டும் கற்பனையாகவா எழுதியிருப்பான் என்று ஒருவர் கேட்டிருந்தார். படித்தபோது பெருமையாக இருந்தது. அன்றே பயந்திருக்க வேண்டும்.

மாமா ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். அவருக்கும் அதைக் காட்ட வேண்டுமாம். மறுக்க முடியாமல் ரமா அக்காவின் டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தேன். உள்ளூர ஒரு தைரியம் இருந்தது. என் புதிர்கள் கடினமானவை, வயதானவர் பாதியில் சலித்து விட்டுவிடுவார் என்று எண்ணினேன்.

எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்! புதிர்கள் எல்லாமே அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தவை அல்லவா? பூஞ்சை பிடித்த கேசட்டைக் காப்பாற்ற என்ன செய்வது என்று ஊரெல்லாம் இளைஞர்கள் இணையத்தில் கேட்டுக்கொண்டிருக்க, அவர் நேராக அலமாரியைத் திறந்து பல்பைப் போட்டார். குழந்தையாகச் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பூட்டாகத் திறந்து முன்னேறி, அந்தக் கடைசிக் காட்சிக்கு வந்து சேர்ந்தார்.

அதன் பிறகு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த முறை தெருவில் பார்த்தபோது, பெருமாளைச் சேவிச்சியா என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தார்.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கேம் ஆடிய பையன்களும் பெண்களும் பச்சைக் கதவைத் தேடிக் கண்டுபிடித்து அதன்முன் நின்று படம் எடுத்தார்கள். 'வில்லன் வீடு' என்று ஒருவன் ரீல்ஸ் போட்டான். அதைப் பார்த்துத் தெருவின் பழைய முணுமுணுப்பு மறுபடி எழுந்தது. நெருப்பில்லாமலா புகையும் என்ற பார்வையோடு அவரைக் கடந்து போனார்கள். முதலில் வந்தவர்களுக்கு மாமா மோர்கூடக் கொடுத்தாராம். போகப் போக முன்னறைக்கு வருவதையே விட்டுவிட்டார்.

அவருக்கு மறதி அதற்கு முன்பே மெல்லத் தொடங்கியிருந்தது. கண்ணாடியை வைத்த இடம், மருந்து சாப்பிட்டதா இல்லையா, அப்படித்தான் ஆரம்பம். ஒரு நாள் மத்தியானம் ரமா அக்காவிடம், "அந்தப் பொண்ணு ஆத்துக்குப் போயிட்டாளா?" என்று கேட்டிருக்கிறார். எந்தப் பெண் என்றதும் பின்னறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். மறுநாளும் கேட்டார். பிறகு தினமும்.

திருச்சி புத்தூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். நானும் கூடப் போனேன். நல்ல பிள்ளை அல்லவா நான்! நினைவில் விழுந்த ஓட்டையைக் கண்ணால் பார்த்ததைக் கொண்டு மனம் அடைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். எங்கோ பார்த்தது, கேட்டது எல்லாம் தனக்கு நடந்ததாகவே தோன்றுமாம். வேறெந்தப் படமாக இருந்தாலும் அந்த ஓட்டைக்குள் பொருந்தியிருக்காது. நான்தான் அவருடைய சோபாவையும் அலமாரியையும் தாழ்ப்பாளையும் இம்மி பிசகாமல் வரைந்து வைத்திருந்தேனே!

இனிமேல் சொல்லப்போவதுதான் என் உண்மையான குற்றம். இதுவரை சொன்னது அதற்கு முன்னுரை.

மாமாவை ஸ்கேனுக்கு உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். வெளியே பெஞ்சில் ரமா அக்கா என் பக்கம் திரும்பினாள். கேட்க வேண்டாம் என்று பல நாள் அடக்கி வைத்திருந்தது குரலில் தெரிந்தது.

"கண்ணா, நீ அந்த முடிவை எங்கேர்ந்துடா எடுத்தே? அப்பா நெஜமாவே ஏதாவது பண்ணியிருப்பாரா?"

ஒரு வார்த்தை போதும். பத்மா உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னால் போதும்! ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: எப்போதிலிருந்து உனக்குத் தெரியும்? அந்தக் கேள்விக்கு நான் பயந்தேன்.

"தெருவுல பேசிண்டதுதான் அக்கா... எனக்கு வேற என்ன தெரியும்?"

அவள் தலையாட்டினாள்.

அன்றிலிருந்து அந்த வீடு மாறிப்போனது. ரமா அக்கா அப்பாவுக்குச் சாதம் போட்டாள், மாத்திரை கொடுத்தாள், வேஷ்டி மாற்றிவிட்டாள். முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். பிளஸ் டூ படிக்கும் தன் பெண்ணைத் தாத்தாவோடு தனியாக விடுவதை நிறுத்தினாள். டியூஷன் இல்லாத நாட்களில் அந்தப் பெண் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்தாள். அம்மா, அங்கே ஏதோ சத்தம் தொந்தரவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். முடிவை நான் மாற்றிவிட்டதாகவே அம்மா அப்போதும் நம்பிக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் பழைய கடையைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்த காரணம் எனக்குத் தெரியும். அவள் தலை குனிந்து கணக்குப் போடும்போதெல்லாம் நான் வேறு அறைக்குப் போய்விடுவேன்.

ஒரு மத்தியானம் மாமாவைப் பார்க்கப் போனேன். நாற்காலியில் டேப்லெட்டோடு இருந்தார். மறுபடி மறுபடி அதையே ஆடுகிறார் என்று ரமா அக்கா சொல்லியிருந்தாள். பின்னால் போய் நின்று பார்த்தேன். கடைசிக் காட்சிக்கு முந்தைய இடம். அந்தப் பெண் கடைக்குள் நிற்கிறாள். மாமாவின் விரல் 'திற' என்ற சொல்லைத் தொட்டது. பிறகு கொல்லைக் கதவைத் தொட்டது. அந்தக் கதவை நான் அழகுக்காக மட்டும் வரைந்திருந்தேன். எதற்கும் பயன்படாத பொருளைத் தொட்டால் வருவதற்கென்று ஒரு வாசகம் வைத்திருந்தேன். அது வந்தது: 'கொல்லைக் கதவுக்கு இப்போது வேலையில்லை.'

அவர் மறுபடி தொட்டார். மறுபடி அதே வாசகம். அவளை எப்படியாவது வெளியே அனுப்பிவிடப் பார்த்தார்... நான் அதற்கு வழி எதுவும் வைக்கவில்லை. அவர் தொட்டுக்கொண்டே இருந்தார். நான் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் அம்மாவிடம் முகவரி வாங்கிக்கொண்டு உப்பிலியபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

பத்மா என்னை மரவள்ளிக் காட்டின் ஓரத்தில் நிற்கவைத்தே பேசினாள். ஸ்ரீரங்கத்துப் பேச்சு அவளிடம் மிச்சமில்லை. நான் மாமாவின் நிலைமையைச் சொன்னேன். கேமில் எழுதியதையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முன் வாசல்ல எங்கப்பா நின்னுட்டு இருந்தாரு தம்பி. கொல்லைக் கதவைத் தொறந்து என்னை அனுப்பி வச்சதே சேஷாத்ரி மாமாதான். நீ இங்க வரவே இல்லைன்னு சொல்லிடறேன், பயப்படாம போன்னாரு. இத்தனை வருஷமா அந்தச் சொல்லைக் காப்பாத்தியிருக்காரே..."

தெரு காறித் துப்பியபோதும் வாய் திறக்காத மனிதர்! அவர் வாழ்நாளில் செய்த மிக நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும். அதை அவர் தலைக்குள்ளிருந்து அழித்து, அதே அறை, அதே நாள், அதே பெண்ணை வைத்து ஒரு கொலையை எழுதிவிட்டேன். விரல் மட்டும் எப்படியோ அந்தக் கதவை நினைவில் வைத்திருந்திருக்கிறது.

பத்மா என்னோடு கிளம்பி வந்தாள். பெற்றவர்கள் இல்லை, தங்கைகள் கரையேறிப் பேரன் பேத்தி பார்த்துவிட்டார்கள். இனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

ரமா அக்காவிடம் வாசலிலேயே சுருக்கமாகச் சொன்னோம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் உள்ளே போனோம். பத்மா நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, நான்தான் பத்மா, நீங்கள்தான் என்னை அனுப்பி வைத்தீர்கள் என்று பொறுமையாகச் சொன்னாள். மாமா அவளை நெடுநேரம் பார்த்தார். அவர் தேடிக்கொண்டிருந்தது பாவாடை தாவணிப் பெண்ணை. எதிரே நின்றதோ நரைத்த தலையும், அச்சாக அவளுடைய தாயாரின் முகமும்.

அவர் தட்டுத் தடுமாறி எழுந்து, அவள் காலில் விழப் போனார்.

"மாமி, உங்க பொண்ணு கேசட்டைக் குடுக்கத்தான் வந்தா. படம் முடியட்டும், போலாம்னேன். கதவைச் சாத்திட்டேன். என்னை மன்னிச்சுடுங்கோ."

என் வரிகள்! அவர் பேச்சில் நான் எழுதிய வரிகள்.

பத்மா அவர் தோளைப் பிடித்துத் தூக்கி மறுபடி சொன்னாள், மறுபடியும் சொன்னாள். அவர் தலையசைத்தார். தன்னைத் தேற்றுவதற்காக யாரோ சொல்லச் சொல்லி அவள் சொல்வதாக எண்ணிக்கொண்டு, கூப்பிய கையை இறக்காமலே நின்றார். கண்ணீர் வழிந்து சட்டையை நனைத்தது. கடைசியில் அவளால் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சுட்டேன். உக்காருங்க," என்றாள்.

மாமா உட்கார்ந்தார். இத்தனை மாதங்களில் இல்லாத ஓர் அமைதி அந்த முகத்தில் வந்தது. செய்யாத கொலைக்கு மன்னிப்புக் கிடைத்த அமைதி அது. இனி எவர் வந்து என்ன சொன்னாலும் அது அவர் செய்ததாகவே இருக்கும். மன்னிக்கப்பட்டும் ஆயிற்றே!

பஸ் ஏறும்போது பத்மா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "என்னைக் காப்பாத்தினவரைக் கொலைகாரர்னு ஒத்துக்கிட்டு வரேன். நீ இதையெல்லாம் எப்படித் தம்பி தாங்கப் போறே?"

கேமின் முடிவை இப்போது மாற்றிவிட்டேன். கொல்லைக் கதவு திறக்கிறது, பெண் போகிறாள். பழைய முடிவுதான் உண்மை, யாருக்கோ பயந்து மாற்றிவிட்டார்கள் என்று இணையத்தில் எழுதுகிறார்கள். பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் அதைப் பத்திரமாக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். மாமாவின் டேப்லெட்டிலும் புதியதைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு முறை ஆடிப் பார்த்துவிட்டு, அன்னிக்கு நடந்தது இது இல்லே என்று தள்ளி வைத்துவிட்டார்.

நான் பயந்த கேள்வி, பத்மா வந்து போன அன்று மாலையே வந்தது. எப்போதடா தெரியும் என்று ரமா அக்கா கேட்டாள். போன வாரம்தான் தெரியும், அம்மா அப்போதுதான் வாய் திறந்தாள் என்றேன். சொன்னபடி முடிவை மாற்றவில்லை என்பது தெரிந்ததிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டாள். அதையும் கணக்கில் வைத்துத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். பார்த்தீர்களா, இத்தனைக்குப் பிறகும் எப்படிப்பட்டவன் என்று?

அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ தேடிண்டு போகலேன்னா, அப்பா போனாக்கூட நான் மனசார அழுதிருக்க மாட்டேன்டா," என்றாள்.

மாமா இப்போது படுக்கையோடு இருக்கிறார். கஞ்சிகூட இறங்கவில்லை. நாள் அதிகமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நேற்று ரமா அக்கா என்னைத் தனியே அழைத்து, அப்பாவுக்குப் பிள்ளை இல்லை, எங்களுக்காக நீ எவ்வளவோ செய்திருக்கிறாய், அந்த நேரத்தில் முன்னால் நின்று நீதான் தோள் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

சரி என்று சொல்லியிருக்கிறேன்.